சட்டை என்று அவள் சொன்னது

ஏழாவது ஜாக்கெட்டை முடித்த அன்று அதைக் கொடியில் போட்டுவிட்டு நாலடி தள்ளி நின்று பார்த்தேன். முதுகில் ஒன்பது பட்டைகள். ஐந்து நீலக் கட்டம், நான்கு கறுப்பு வெல்வெட், ஒன்றுவிட்டு ஒன்று. நீலப் பட்டைகளில் பழுப்புப் புள்ளிகள் சிதறியிருந்தன. ரப்பர் பால் தெறித்து இறுகிய கறை. எந்தச் சோப்புக்கும் போகாதது. அந்தப் புள்ளிகள் ஏறி இறங்கி வரும்படி பட்டைகளை இடம் மாற்றி அடுக்கிப் பார்ப்பதிலேயே இரண்டு நாள் போயிருந்தது. அதுவரை தைத்ததில் அதுதான் நன்றாக வந்திருந்தது.

போர்ட் பிளேரில் ஜாக்கெட் யாருக்கும் தேவையில்லை. மின்னி பேயில் எங்கள் குவார்ட்டர்ஸில் நான் ஜாக்கெட் தைக்கிறேன் என்ற பேச்சு பரவியதும் முதல் வாரமே மூன்று பேர் பிளவுஸ் துணியோடு வந்தார்கள். தமிழ் வீடுகளில் ஜாக்கெட் என்றால் ரவிக்கைதான். இது குளிருக்குப் போடுவது என்று எடுத்துக் காட்டினேன். பக்கத்து வீட்டு மதுரைக்காரம்மா கையில் தூக்கி எடை பார்த்தார்.

"ஏன்த்தா, இந்தப் புழுக்கத்துல இதப் போட்டா மனுசன் வெந்துர மாட்டானா?"

"சும்மா, பொழுது போகத்தான்க்கா."

"பொழுது போகலைன்னா வந்து எனக்கு மீன் ஆஞ்சு குடு."

கணவரின் மாற்றலோடு தீவுக்கு வருவதற்கு முன் மெயின்லேண்டில் ஒரு நாளேட்டில் பதினோரு ஆண்டுகள் இருந்தேன். முதலில் பிழை திருத்தினேன், பிறகு செய்தி எழுதினேன். இங்கே வந்தபோது சுனாமி நடந்து ஓராண்டு ஆகியிருந்தது. நிவாரணமாக வந்த துணி மூட்டைகளில் பாதி இந்த ஊரில் யாரும் உடுத்த முடியாதவை: கம்பளி ஸ்வெட்டர், கோட்டு, சரிகை வைத்த வெல்வெட் பாவாடை, ஒற்றைக் கையுறை. வாங்கியவர்கள் மிதியடியாகப் போட்டார்கள். படகுக்கு அடியில் முட்டுக் கொடுத்தார்கள். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். மேலே ஒட்டுத்துணி, நடுவில் ஸ்வெட்டரை விரித்து வெட்டிய கம்பளி, உள்ளே பழைய வேட்டி. மூன்றையும் சேர்த்து நுணுக்கமாக ஊசி ஓட்டினால் காற்றுப் புகாத ஒரு உடுப்பு. முடிந்ததைக் குளிர்ப் பிரதேசத்துக்கு மாற்றலாகிப் போகிறவர்களுக்குக் கொடுத்துவிடுவேன்.

எதிரே இருந்த அங்கன்வாடியில் சமைக்க வந்த பெண், நான் ஊசி பிடிப்பதைப் பார்த்துத்தான் வாசலில் நிற்கத் தொடங்கினாள். முப்பது வயது இருக்கும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட குடும்பம். சுனாமிக்கு முந்தைய வாரம் மகளுக்குக் கை முறிந்து, கட்டுப் போட போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள். கணவர் கச்சாலில் இருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவளுக்குத் திரும்பிப் போக வீடும் இல்லை, ஆளும் இல்லை. தகரக் கொட்டகையில் மகளோடு இருந்தாள். மழையில் கொட்டகை ஒழுகியதால் ஒரு மூட்டையைக் கொண்டுவந்து என்னிடம் வைத்தாள்.

"உங்க வூட்டுல நனையாதுக்கா. சட்டையெல்லாம் நீங்க வெட்டிக்கங்க, தைக்கிறதுக்கு ஆகும். மத்ததத் தொட வேணாம்."

மூட்டையில் ஒரு சேலை, ஒரு துண்டு, சிறுமியின் கவுன் இரண்டு, நீலக் கட்டம் போட்ட ஓர் ஆண் சட்டை. கவுன்கள் நிவாரணத்தில் வந்தவை. ஒன்று மஞ்சள் சாட்டின், ஒன்று லேஸ் வைத்த மெரூன். மகளுக்கு இரண்டும் சின்னதாகிவிட்டிருந்தன. நல்ல துணி. எடுத்துப் பார்த்து, குழந்தை போட்டது, தாய் வைத்திருப்பாள் என்று மடித்துத் திரும்ப வைத்தேன். அப்படி வைத்ததில் எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது. சட்டையை வெட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள். சட்டை ஒன்றுதான் இருந்தது. முதலில் துவைத்தேன். புதுத் துணியோ பழையதோ, துவைக்காமல் வெட்டக் கூடாது, பிறகு சுருங்கும். துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு, ஸ்கேல் வைத்துப் பட்டை பட்டையாக வெட்டினேன்.

ஜாக்கெட்டை முடித்து மூன்று வாரம் கழித்து ஒரு நாள் காலை பத்து மணிக்கு அவள் வந்தாள். தலை வாரி, நல்ல சேலை கட்டியிருந்தாள்.

"மூட்டைய எடுத்துக்கிட்டுப் போகலாம்னு வந்தேன்க்கா. தோட்டத்துல எனக்கு வேலைக்குப் பேரு போட்டுட்டாங்க, அவரு எடத்துல. நாளன்னிக்குக் காலையில கச்சாலுக்குக் கப்பல். டிக்கட்டும் கெடச்சிருச்சு."

"நல்லதும்மா" என்று மூட்டையை எடுத்துவந்து வைத்தேன். தரையில் உட்கார்ந்து அவிழ்த்தாள். மேலே இருந்த கவுன்களைப் பார்த்து நிமிர்ந்தாள்.

"இத வெட்டலயா?"

"பாப்பாவோடதுல்ல? அதப் போய் வெட்டுவேனா."

"நாந்தான் சட்டைய வெட்டிக்கங்கன்னு சொன்னேனே" என்றபடி சேலையை விரித்து உதறினாள். துண்டைத் தூக்கினாள். மூட்டை கட்டிய துணியையும் திருப்பிப் பார்த்தாள்.

"சேட்டு எங்கக்கா?"

அவள் கையில் மஞ்சள் கவுன் இருந்தது. அதைச் சட்டை என்றாள். அங்கே இல்லாத ஆண் சட்டையைச் சேட்டு என்றாள். ரவிக்கைத் துணியோடு வந்த மூன்று பேரை நினைத்து நான் பல நாள் சிரித்திருக்கிறேன்.

"அதத் தொவைச்சேன்" என்றேன்.

அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. அப்படி எழுதிக் கொடுப்பவர்களின் பத்தியை எத்தனையோ முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

"தொவைச்சிட்டீங்களா?" கவுனைக் கீழே வைத்தாள். மூட்டையைப் பார்த்தாள். "நான் தொவைக்காம வச்சிருந்தேன்க்கா."

நான் கீழே கிடந்த கவுனை எடுத்து மடித்தேன்.

"சரி, விடுங்க. மூணு வருசமாச்சு, வாசமெல்லாம் எங்க இருக்கப் போகுது." அவளே சமாதானமும் சொன்னாள். "கப்பல்ல வரையில காத்து அடிக்கும்னு சேலைக்கு மேல போட்டுக்கிட்டு வந்தேன். அதனால மிஞ்சிச்சு. வூடு, பொட்டி, போட்டோ, எல்லாம் கடலோட போயிருச்சு. அவருதுன்னு அது ஒண்ணுதான். பால் வெட்டப் போகையில பொம்பளைக எல்லாரும் சேலைக்கு மேல சேட்டு போடுவோம். மொத நாளு அதப் போட்டுக்கிட்டுத்தான் மரத்துக்கிட்ட போகணும்னு இருக்கேன்."

"காயல இன்னும்" என்றேன். இது பொய்.

"நாளைக்குச் சாயங்காலம் வாரேன். எடுத்து வைங்க."

அவள் கேட்டைச் சாத்திக்கொண்டு போனதும் மணி பார்த்தேன். பத்து நாற்பது. ஏழாவது ஜாக்கெட் என்னிடம் இல்லை. முந்தின நாள் மாலை அதை அடுத்த வரிசையிலிருந்த ஓர் அதிகாரியின் மனைவிக்குக் கொடுத்திருந்தேன். இமாசலப் பக்கம் மாற்றல். சென்னைக் கப்பல் அன்று பிற்பகல் மூன்று மணிக்கு. அவர்கள் வீட்டுக்கு ஓடினேன். பூட்டியிருந்தது. காலி அட்டைப் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்த காவலாளி, சாமான் அதிகம் என்பதால் பத்து மணிக்கே ஹாடோ துறைமுகத்துக்குக் கிளம்பிவிட்டார்கள் என்றான்.

ஆட்டோ கிடைக்க இருபது நிமிடம் ஆனது. ஹாடோ துறைமுக வாசலில் பயணிகள் வரிசை சாலை வரை நின்றது. சீட்டு இல்லாதவர்களை உள்ளே விடமாட்டார்கள். காவலரிடம் போய் எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன்.

"பயணம் இல்லை. உள்ளே ஒருத்தரைப் பார்க்கணும். மேரா ஏக் ஜாக்கெட் அந்தர் சலா கயா." என் ஜாக்கெட் ஒன்று உள்ளே போய்விட்டது.

"ஜாக்கெட் ஜஹாஜ் மே ஹை" என்றார் அவர், பொறுமையாகவே. "சப்கோ மிலேகா."

எல்லோருக்கும் கப்பலில் கொடுப்பார்கள். லைஃப் ஜாக்கெட்டைச் சொல்கிறார் என்று புரிய எனக்குச் சில விநாடிகள் ஆயின. பக்கத்தில் சுமையை இறக்கிவைத்துவிட்டு நின்ற போர்ட்டர் ஒருவர் சிரித்தார். ஐம்பது வயது, ராமநாதபுரத்துப் பேச்சு.

"கப்பல் முங்கும்போது போடுறதக் கேக்குறீகன்னு நெனச்சுட்டாரு. என்னம்மா, எந்த ஜாக்கெட்டு?"

"சட்டை மாதிரி, கனமா இருக்கும். தெரியாமக் குடுத்திட்டேன். திருப்பி வாங்கணும்."

"ஒரு சட்டைக்கா இந்த ஓட்டம்?"

பையில் பழைய செய்தியாளர் அட்டை இருந்தது. காலாவதியாகி இரண்டு ஆண்டு. ஒரு கணம் கை அதன் மேல் போனது. எடுக்கவில்லை, காலையில் சொன்ன பொய்யே போதுமாக இருந்தது. ஒரு தாளில் அதிகாரி மனைவியின் பெயரையும் நான்கு வரியும் எழுதிப் போர்ட்டரிடம் கொடுத்தேன். பன்னிரண்டு ஐந்துக்கு உள்ளே போனார். பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு அவளும் கணவரும் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்கள். அவள் கையில் என் தாள் இருந்தது.

கணவருக்கு எரிச்சல். பெட்டிகள் எல்லாம் முதல் பஸ்ஸிலேயே கப்பலடிக்குப் போய்விட்டன என்றார். சென்னையிலிருந்து கூரியரில் அனுப்பிவிடலாமே. எத்தனை நாள் ஆகும் என்றேன். பத்து, பன்னிரண்டு நாள். அவளுக்கு நாளை மறுநாள் காலை போட் என்றேன்.

"கிஸ்கோ?" என்றாள் அவர் மனைவி. யாருக்கு?

நேற்று அந்த ஜாக்கெட்டைக் கையில் வாங்கியதும் அவள் முதலில் தடவியது அந்தப் பழுப்புப் புள்ளிகளைத்தான். இதை எப்படிப் போட்டாய், சாயமா என்று கேட்டாள். ஆமாம் என்பதுபோலத் தலையாட்டியிருந்தேன். இப்போது, அது சாயமில்லை, ஒருவருடைய சட்டை, அவர் மனைவியைக் கேட்காமல் வெட்டிவிட்டேன் என்றேன். அவர் எங்கே என்று கணவர் கேட்டார்.

"சுனாமி மே கயா." சுனாமியில் போய்விட்டார்.

தீவில் இந்த மூன்று சொல்லுக்கு மேல் யாரும் கேட்பதில்லை. அவள் தாளை மடித்துக் கணவர் சட்டைப்பையில் வைத்தாள். போர்ட்டரைக் கூட்டிக்கொண்டு, நின்றிருந்த அடுத்த பஸ்ஸில் ஏறினாள்.

ஒன்று முப்பதுக்குப் பயணிகள் வாசலை மூடினார்கள். ஒன்று நாற்பதுக்கு மழை பிடித்தது. பஸ்கள் கப்பலடியிலிருந்து காலியாகத் திரும்பின. எண்ணினேன்: நான்கு. ஒன்றிலும் அவர்கள் இல்லை. இரண்டேகாலுக்குக் கப்பல் ஒருமுறை ஊதியது. காவலர் என்னைப் பார்த்து, ஓரமாகக் கூரைக்குள் நிற்கச் சொன்னார். நூற்றுக்கணக்கான பெட்டிகளுக்குள் ஒரு பெட்டி, அதற்குள் ஒரு ஜாக்கெட், அதற்குள் ஒரு சட்டை. நாளை சாயங்காலம் அவளிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனத்தில் எழுதிப் பார்த்தேன். எந்த வாக்கியமும் முடியவில்லை.

இரண்டு முப்பத்தைந்துக்குச் சாமான் வண்டி ஓடும் பக்க வாசல் வழியாகப் போர்ட்டர் வந்தார். ஜாக்கெட்டைப் போட்டிருந்தார். பொத்தான் வரை மாட்டியிருந்தார். முகத்திலும் கழுத்திலும் வேர்வை வழிந்தது.

"கையில கொண்டாந்தா என்ன சாமான், யாரு சாமான்னு நிப்பாட்டிருவாய்ங்க. போட்டுக்கிட்டு வந்தா எஞ்சட்டை." கழற்றும்போது மூச்சு வாங்கினார். "எம்மா, உள்ள அடுப்பு வச்சுத் தச்சீகளா? அந்தம்மா ஒண்ணு சொல்லச் சொல்லுச்சு. மூணு பொட்டியத் தொறந்து போட்டுருச்சு, புருசங்காரரு கத்துறாரு. மன்னிப்புக் கேட்டுக்கிருச்சாம்."

அவள் எதற்கு மன்னிப்புக் கேட்டாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மறுநாள் விடிந்ததும் ஜன்னலருகே உட்கார்ந்து பிரிக்கத் தொடங்கினேன். அங்குலத்துக்கு எட்டு ஊசியோட்டம். அதுதான் என் பெருமையாக இருந்தது. இப்போது ஒவ்வொன்றையும் பிளேடு நுனியால் அறுக்க வேண்டியிருந்தது. துணி இழுபடக் கூடாது. பத்து மணிக்கு முதுகின் ஐந்து பட்டைகளும் வெளியே வந்தன. எது எதன் பக்கத்தில் இருந்தது என்பதை நானே குலைத்திருந்தேன். கறைதான் உதவியது. பாதி வெட்டுப்பட்ட புள்ளிக்கு மறுபாதி இன்னொரு பட்டையின் விளிம்பில் இருந்தது. புள்ளியோடு புள்ளி சேர்த்து வரிசையைக் கண்டுபிடித்தேன். முன்பக்கங்களை உள்பை வைக்கும் இடத்தில் முழுசாகவே விட்டிருந்தேன். அந்த மட்டில் தப்பியது. கைகளைக் குறுக்காக நான்கு நான்கு துண்டாக வெட்டியிருந்தேன். காலரும் கைப்பட்டிகளும் ஜாக்கெட்டுக்கு ஆகவில்லை என்று கழிவுத்துணிப் பையில் போட்டிருந்தேன். பையைக் கவிழ்த்துத் தேடி எடுத்தேன். காலரில் ஒரு விரல் நீளத்துக்குத் தையல் மெஷின் எண்ணெய்.

விளிம்போடு விளிம்பு ஒட்டித் தைத்துப் பார்த்தேன். பழைய துணி, இழை பிரிந்தது. மடித்துத்தான் தைக்க வேண்டும். மடித்தால் ஒவ்வொரு தையலும் அரை அங்குலம் தின்னும். முதுகில் நான்கு தையல், இரண்டு அங்குலம் போயிற்று. கையில் கைப்பட்டியோடு சேர்த்து நான்கு, அங்கே நீளத்தில் இரண்டு. கணக்கு எனக்குத் தெரிந்துதான் இருந்தது. வேறு வழி தெரியவில்லை.

சாயங்காலம் என்று சொன்னவள் மூன்று மணிக்கே வந்துவிட்டாள். இடது கை இன்னும் உடலோடு சேரவில்லை. என் மடியில் சட்டை, மேசையில் ஒற்றைக் கை, தரையில் பட்டை உருவிய ஜாக்கெட், சுற்றிலும் நூல். மறைக்க நேரமில்லை, மறைக்க எழவும் இல்லை.

வாசலிலேயே நின்றாள்.

"நேத்து நான் காயலன்னு சொன்னது பொய்" என்றேன். "தொவைச்சு வெட்டிட்டேன். இதுக்குள்ள வச்சுத் தச்சிட்டேன். இப்பப் பிரிச்சுத் திரும்பச் சேத்திருக்கேன். ஒரு கை பாக்கி."

அவள் உள்ளே வந்து சட்டையை என் மடியிலிருந்து எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்து முதுகுத் தையல்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டாள். காலரை முகர்ந்தாள். எண்ணெய் வாசனைக்கு முகம் சுளித்தாள்.

"ஏன் வெட்டுனீங்க?"

"நீ சட்டைய வெட்டிக்கச் சொன்ன."

"சட்டையத்தான் சொன்னேன். சேட்டையா சொன்னேன்?"

"எங்க ஊர்ல இதுதாம்மா சட்டை."

"அப்ப சேட்டுக்கு என்ன சொல்லுவீங்க?"

"சட்டைதான்."

"கவுனுக்கு?"

"கவுன்."

அவள் வாயிலிருந்து சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. அது சிரிப்பு இல்லை. "கேட்டிருக்கலாம்லக்கா? ஒரு வார்த்த. ரோட்டத் தாண்டுனா அங்கதானே நிக்கிறேன்."

பத்திரிகையில் முதல் பாடம் அதுதான்: சந்தேகம் இல்லாதபோதும் கேள். எனக்கு அன்று சந்தேகமே வரவில்லை.

"கையத் தைங்க" என்றாள். எதிரே உட்கார்ந்துகொண்டாள். நான் தைத்து முடிக்கும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை, ஊசியைத்தான் பார்த்தாள். இரண்டு முறை நூல் அறுந்தது. நாற்பது நிமிடம் ஆயிற்று.

முடிச்சுப் போட்டதும் வாங்கிச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டாள். பொத்தான் போட்டாள். தோள் அவள் தோளில் சரியாக நின்றது. கையை நீட்டிப் பார்த்து, பட்டியை ஒரு மடிப்பு மடித்தாள். இன்னொரு மடிப்புக்குப் போன விரல்கள் நின்றுவிட்டன. மடிக்க மிச்சமில்லை. மணிக்கட்டு சரியாக வெளியே இருந்தது.

"ரெண்டு மடிப்பு மடிப்பேன்" என்றாள். "அவரு நெட்டை."

பொத்தான்களைக் கழற்றினாள். சட்டையைத் தானே மடித்தாள். உதவ நான் கை நீட்டியதை விலக்கினாள். மடித்ததைப் பையில் வைத்துவிட்டு, மூட்டையிலிருந்த மஞ்சள் கவுனை எடுத்து என் முன்னால் தூக்கிப் பிடித்தாள்.

"இது என்ன?"

நான் ஒரு கணம் தயங்கினேன். "சட்டை" என்றேன்.

மெரூன் கவுனைக் காட்டினாள். "இது?"

"சட்டை."

"இதெல்லாம் வெட்டிக்கங்க." இரண்டையும் மேசையில், அந்த ஒற்றைக் கை இருந்த இடத்தில் வைத்தாள். பிறகு பையைத் தட்டிக் காட்டினாள். "இது?"

"சேட்டு."

தலையாட்டினாள். மூட்டையைக் கட்டி எடுத்துக்கொண்டு, சாலையைக் கடந்து, கொட்டகைப் பக்கம் போகும் பஸ்ஸுக்கு நின்றாள். பஸ் வரப் பதினைந்து நிமிடம் ஆனது. அதுவரை நான் ஜன்னலில் இருந்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பையை மட்டும் மழைக்குச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.